கிழக்கே வழிந்த பால்

எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. நான் கேட்டதில்லை, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. தம்பி வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனேன், வீடு என் தலையில் விழுந்தது. அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்காகச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பினாமிகள் பெருகி, எது யார் வீடு என்று அரசாங்கத்துக்கே தெரியாமல் போன காலத்தில் ஒரு குழு உட்கார்ந்து யோசித்தது. பத்திரம் பொய் சொல்லும், சாட்சியை விலைக்கு வாங்கலாம். ஆனால் நம் ஊரில் எந்த மதத்துக்காரனும் தன் புது வீட்டில் அடுத்தவனைப் பால் காய்ச்ச விடமாட்டான். ஆகவே, ஒரு புது வீட்டில் முதன்முதலாகப் பாலை அடுப்பேற்றிப் பொங்கவிடுபவரே அதன் உரிமையாளர் என்று எழுதிவிட்டார்கள். பதிவாளர் நேரில் வந்து, பொங்குவதைக் கண்ணால் பார்த்துப் பதிந்துகொண்டு போவார். அதன்பிறகு வீட்டின் கடனும் காவலும் அந்த ஆளைத் தொடரும். குழுவில் இருந்தவர்கள் எல்லாம் படித்த ஆண்கள். பால் காய்ச்சும் நேரத்தில் கூடத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தவர்கள். அடுப்பின் முன்னால் நிற்பது வீட்டுக்காரனின் அக்காவோ தங்கையோ என்பது அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை போலிருக்கிறது.

சட்டம் வந்த வருடமே தமிழ்நாட்டில் அக்கா தங்கைகள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்காரிகள் ஆனார்கள். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தம்பியோ அண்ணனோ பதிவாளரை மறுபடி அழைத்து, மறுபடி பால் காய்ச்சி, மாற்றிக்கொள்வார்கள். எங்கள் குடும்பத்தில் அது நடக்கவில்லை. முதலில் நான் கடலுக்கு அடியில் இருந்தேன். நான் மேலே வருவதற்குள் தம்பி வேலை மாறிக் கோயம்புத்தூர் போய்விட்டான். பிறகு தண்ணீர் வந்துவிட்டது.

என் பெயர் மகிழ்மதி. சொந்த ஊர் கடலூர். தண்ணீருக்கு அடியில் வெல்டிங் செய்வது என் தொழில். கப்பலின் அடிவயிற்றில் விழுந்த ஓட்டையை, கப்பலைக் கரையேற்றாமலே அடைப்பேன். இதைச் செய்யத் தெரிந்த பெண்கள் இந்தக் கரையில் மூன்று பேர். அதில் மற்ற இருவருக்கும் கற்றுக்கொடுத்தது நான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வீடு இருந்த இடம் நாணல்மேடு. தென்சென்னையில் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். மேடு என்பது பெயரில் மட்டும்தான். பால் காய்ச்சிய மூன்றாம் வருடம் கீழ்த்தளம் தண்ணீருக்குள் போனது. வாடகைக்கு இருந்தவர்கள் போனார்கள், லிப்ட் போனது, படகு வந்தது. மூன்றாம் மாடியில் என் வீடும், அதற்குள் வீட்டாளும் மிஞ்சின.

வீட்டாள் என்பது வீட்டின் மூளை. விளக்கு, குழாய், அடுப்பு எல்லாம் அதன் பொறுப்பு. வீட்டில் இருப்பவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, கேட்காமலே கற்றுக்கொள்ளும். தண்ணீர் ஏறும் பகுதியில் அதைத் தனியே விடக்கூடாது என்று இன்னொரு சட்டம். உரிமையாளர் மாதத்தில் இருபது நாளாவது அங்கே இருந்தாகவேண்டும். ஆறு வருடம் அப்படி இருந்தேன். வந்த பெரிய வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு, பக்கத்துப் படகுத்துறைகளில் துருப்பிடித்த கம்பிகளை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பாம்பனிலிருந்து அழைப்பு வந்தது. கடலடிச் சுரங்கப்பாதைக்குத் தலைமை வெல்டர். ஆறு வாரத்தில் வந்து சேரவேண்டும், வரும்போது வில்லங்கச் சான்று கொண்டுவரவேண்டும். முன்பெல்லாம் நிலத்துக்குத்தான் வில்லங்கம் பார்ப்பார்கள், இப்போது ஆளுக்குப் பார்க்கிறார்கள். என் சான்றில் நாணல்மேடு வீடு முழு நீளத்துக்குப் படுத்திருந்தது.

வக்கீல் நஸ்ரினிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"அக்கா, சதுப்பு நிலத்துல கட்டினது பில்டர் தப்பு. தண்ணி ஏறாதுன்னு எழுதிக் குடுத்திருக்கான். வீட்டையும் கடனையும் அவன் தலையிலயே திருப்பிக் கட்ட வழி இருக்கு. ஆனா அதைக் கேக்கறவர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவராவும் இருக்கணும், முதல் உரிமையாளராவும் இருக்கணும்."

"கையெழுத்து என் தம்பி சர்வேஷ் போட்டது."

"உரிமை உங்களோடது. அதான் சிக்கல். அவரு கேட்டா நீ ஓனர் இல்லம்பான். நீங்க கேட்டா நீ யாரும்மாம்பான்."

"இப்ப தம்பிய வந்து பால் காய்ச்சச் சொன்னா?"

"உங்ககிட்டேருந்து வாங்கினவரா ஆவாரு. முதல் உரிமையாளர்னா முதல்ல பொங்கினதுதான் கணக்கு. மொதல்ல, அவரு வருவாரா?"

வரமாட்டான். ஆறு வருடத்துக்கு முன் கடைசியாகப் பேசியபோது, "பேரு உன்னோடதுக்கா, நான் என்ன பண்ண முடியும்" என்றான். அன்றைக்கு எனக்கு ஒன்று தோன்றியது. பால் காய்ச்சும் நாளில் கூட்டத்துக்கு நடுவே, "அக்காதான் பத்தவைக்கணும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துப்போனானே, அது மரியாதை இல்லை, திட்டம். அப்படி நினைத்த நிமிடத்திலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் பிரசன்னா என்ற தரகரைப் பிடித்தேன். வேண்டாத வீட்டைக் கைமாற்றிவிடுவதே அவருக்குத் தொழில்.

"ஆளை நான் கொண்டுவரேன் மேடம். அவரு பால் காய்ச்சுவாரு, பதிவாளர் எழுதிப்பாங்க, நீங்க பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பலாம்" என்றார்.

"அவருக்கு இது என்ன வீடுன்னு தெரியுமா?"

"தெரியவேண்டியது தெரியும் மேடம்."

அந்தப் பதிலிலேயே நான் எழுந்து வந்திருக்கவேண்டும். வரவில்லை. பாம்பன் கண்ணை மறைத்தது.

குறித்த நாள் காலை ஒன்பதரைக்கு ஒரு படகு வந்தது. அதிலிருந்து இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் ஜெயசீலன். சாலைகள் முழுகுமுன் ஆட்டோ ஓட்டியவர், இப்போது படகு. சட்டையை இஸ்திரி போட்டிருந்தார், மடிப்பு கலையாமல் மூன்று மாடி ஏறிவந்தார். கையில் பால் பாக்கெட்டும் புதுப் பாத்திரமும் ஒரு காகிதப் பொட்டலமும் இருந்தன.

"கல்கண்டும்மா. பொங்கினதும் எல்லாருக்கும் குடுக்கணும்ல" என்றார்.

பிரசன்னா என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பதிவாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் கருவியைத் திறந்தார். ஜெயசீலன் கூடத்தைச் சுற்றிவந்து ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல ஆணி அடிக்கலாமாம்மா? எங்க கல்யாண போட்டோ ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு வாடகை வீட்லயும் அடிக்கக்கூடாதுன்னுட்டாங்க, பீரோக்குள்ளயே கெடக்கு."

அவர் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார், கும்பிட்டார், பற்றவைத்தார். பால் மெல்ல விளிம்புக்கு ஏறியது. நுரை திரண்டு எட்டிப்பார்த்த நொடியில் என் கை தானாக நீண்டு அடுப்பை அணைத்தது.

"என்ன மேடம்?" என்றார் பிரசன்னா.

"பொங்கல. எழுதிக்காதீங்க" என்று பதிவாளரிடம் சொன்னேன். பிறகு ஜெயசீலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடன் பெயரளவுக்கு இல்லை, முழுவதும் ஆள்மேல் ஏறும். மாதம் இருபது நாள் கட்டிப்போடும். பிறகு படகு ஓட்டக்கூட அவருக்குச் சான்று கிடைக்காது. பிரசன்னா நடுவில் ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஜெயசீலன் வெகுநேரம் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடன் இருக்குன்னு தெரியும்மா. இவ்வளவுன்னு தெரியாது. எம்பேர்ல ஒரு கதவு இருந்தா போதும்னு நெனச்சேன்" என்றார். பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டார். கல்கண்டை மட்டும் மேடையில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போனபின் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஆறு வருடத்தில் அந்த அடுப்பில் நான் பால் வைத்ததே இல்லை. பார்க்கவே பிடிக்காமல் கடுங்காப்பியிலேயே ஓட்டிவிட்டேன். இன்று விளிம்புக்கு ஏறிய பாலைப் பார்த்ததும், ஒன்பது வருடமாக நான் எட்டிப்பார்க்காத இடத்தில் இருந்த ஒன்று வெளியே வந்து நின்றது.

அந்த நாள் இப்படித்தான் நடந்தது. கூடம் நிறைய ஜனம். தம்பிக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அவன் மாமியார் ராஜேஸ்வரியம்மாள் என் தோளுக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் இல்லை, உடம்பில் வெல்டிங் தழும்பு. இவள் கையாலா முதல் பால் என்று காலையிலிருந்தே முணுமுணுப்பு. பால் விளிம்புக்கு வந்தது. நுரை எழுந்தது. சட்டென்று அடுப்பு தானே அணைந்துவிட்டது. பால் வழிந்தால் ஆபத்து என்று வீட்டாள் தானாக அணைத்திருக்கிறது. புத்தம்புது வீட்டாள், அதற்கு என்ன தெரியும்? பால் இறங்க ஆரம்பித்தது. பொங்கவில்லை என்று சொன்னால் பழி யார்மேல் விழும் என்று எனக்குத் தெரியும். பாத்திரத்தை நேராக்குவதுபோலச் சேலைத் தலைப்பால் பிடித்து, ஒரு விரல் அளவு சாய்த்தேன். நுரையோடு பால் வழிந்தது.

"பொங்கிருச்சு, கிழக்கால வழிஞ்சிருக்கு" என்றார் ராஜேஸ்வரியம்மாள். குலவை எழுந்தது. பதிவாளர் எழுதிக்கொண்டு வடை சாப்பிடப் போனார்.

அன்றிலிருந்து நான் கைராசிக்காரி. அதுவரை விசேஷ வீடுகளில் என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்தவர்கள், கடை திறக்க, கணக்கு நோட்டில் முதல் தாள் பிரிக்க, பெண்ணுக்கு முதல் வளையல் போட என்று தேடிவந்தார்கள். மறுக்கவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. வெல்டிங்கில் உள்ளே ஒரு சின்னக் குமிழ் இருந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். மனிதர்களுக்கு எக்ஸ்ரே இல்லை என்று தைரியமாக இருந்துவிட்டேன்.

நஸ்ரினைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா, இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"நிரூபிச்சா உங்க பேரு போயிடும். ஓனர் இல்லாத வீடுன்னு ஆகும், பேங்கும் பில்டரும் அடிச்சுக்கட்டும். ஆனா நடுவர் முன்னால நீங்களே வாயால சொல்லணும். அன்னைக்கு வந்திருந்த சொந்தக்காரங்க எல்லாருக்கும் நோட்டீஸ் போகும். உக்காந்து கேப்பாங்க. பரவால்லையா?"

"ஜெயசீலன் தலையில கட்டப் பாத்தேனே, அதைவிடக் கேவலமா ஒண்ணும் ஆயிடாது. போடு" என்றேன்.

மனை நடுவர் மன்றம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடந்தது. நடுவர் திருமலைக்கொழுந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடும் மனிதர். சொந்தக்காரர்கள் நிஜமாகவே விசேஷத்துக்கு வந்ததுபோல வந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் சர்வேஷ். தலை நரைத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி வர்ஷிதா, அவளுக்குப் பக்கத்தில் ராஜேஸ்வரியம்மாள்.

நான் எழுந்து நின்றேன். கடலுக்கு அடியில் போகுமுன் மூச்சை எப்படி ஒழுங்குபடுத்துவேனோ அப்படிச் செய்துகொண்டேன்.

"அன்னைக்குப் பால் பொங்கல. அடுப்பு தானா அணைஞ்சிருச்சு. யாருக்கும் தெரியாம நான்தான் பாத்திரத்தைச் சாய்ச்சேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது.

"அப்ப, கிழக்கால வழிஞ்சது?" என்று ராஜேஸ்வரியம்மாள் தன்னை மறந்து கேட்டார்.

"கிழக்கு எதுன்னு பாத்துத்தான் சாய்ச்சேன்" என்றேன்.

என் கையால் கடை திறந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண் தன் மகளின் வளையலைப் பார்த்தாள். நான் உட்காரவில்லை. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என் முதுகு நேராக இருந்தது. அந்த நிமிடம் நான் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டேன். ஊர் கொடுத்த பெருமை இல்லை, இது என் கையால் நானே செய்துகொண்டது.

"வீட்டாளைக் கேக்கலாம்" என்றார் நடுவர். மேசையில் இருந்த ஒலிபெருக்கியில் நாணல்மேட்டு வீட்டின் குரல் வந்தது.

"இவங்க சொல்றது சரியா?"

"சரி. பாதுகாப்புக்காக நான் அடுப்பை அணைத்தேன். பால் பொங்கவில்லை. அக்கா பாத்திரத்தைச் சாய்த்தார்."

"இதை ஏன் இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை."

நடுவர் பேனாவை எடுத்தார். எழுதப்போனவர் நிறுத்தி, "அப்ப அந்த வீட்ல பால் பொங்கவே இல்லையா?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுபோல்தான் இருந்தது.

"பொங்கியது. அதே நாள் பதினொன்று இருபதுக்கு."

நஸ்ரின் நிமிர்ந்தாள். நானும்தான்.

"அப்ப மட்டும் நீ ஏன் அணைக்கல?"

"அக்கா சாய்த்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். குலவையிட்டார்கள். இந்தக் குடும்பத்தில் பால் வழியவேண்டும் என்று கற்றுக்கொண்டேன். அதனால் இரண்டாம் முறை அணைக்காமல் விட்டேன். நன்றாகப் பொங்கியது."

"அடுப்புல வச்சது யாரு?"

"சர்வேஷ். பந்தி நடந்துகொண்டிருந்தது, அடுப்படியில் அவர் மட்டும் இருந்தார். அக்கா ராத்திரி ரயிலில் வந்தவள், காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள், ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாலை வைத்தார். யாரோ கூப்பிட்டதும் வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி ஓடிவருவதற்குள் பொங்கி வழிந்துவிட்டது."

நடுவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்.

"பதிவாளர் பாக்காட்டியும் வீட்டாள் சாட்சி செல்லும். அப்படின்னா முதல் உரிமையாளர் சர்வேஷ். வீட்டாள் சொல்றதை யாராச்சும் மறுக்கறீங்களா? இல்லைன்னா அப்படியே பதிஞ்சிடுவேன்."

மறுக்க அவனுக்கு வழி இருந்தது. ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், பாம்பன் போய்விடும். வீட்டை பில்டரிடமே திருப்பிவிட வழி உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. முழுகிய வீடு முழுவதும் தன் தலையில் விழப்போகிறது என்று மட்டும்தான் தெரியும். வர்ஷிதா அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன்.

அவன் எழுந்து நின்றான்.

"நான்தான் சார் வச்சேன். ஞாபகம் இருக்கு. அடுப்பைத் தொடச்சதும் நான்தான்."

நடுவர் எழுதினார். என் ஆறு வருடத்துக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யார் கண்ணாடியை உடைத்தது என்று கேட்டபோது இதே மாதிரி எழுந்து நின்றவன் அவன். என் தம்பி. எனக்கு அழுகை வந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை.

நஸ்ரின் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். "உக்காராதீங்க சர்வேஷ் சார். முதல் உரிமையாளர், ஒப்பந்தக்காரர், ரெண்டும் இப்ப ஒரே ஆளு. வீட்டை பில்டர்கிட்டயே திருப்பிக் குடுக்க மனு எழுதறேன், இங்கயே கையெழுத்துப் போடுங்க."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபின் அவன் மனைவி அவனைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

பாம்பன்காரர்கள் கொடுத்த ஆறு வாரம் முடிய நாலு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. வீடும் கடனும் கட்டிய பில்டருக்கே திரும்பின. கடைசியாக என் பெட்டியை எடுக்கப் போனபோது வீட்டாள் கேட்டது:

"அக்கா, நான் தப்பாகக் கற்றுக்கொண்டேனா?"

"இல்ல. தப்பா சொல்லிக்குடுத்தது நான். நீ சரியாத்தான் கத்துக்கிட்ட."

வாசலில் ஜெயசீலன் படகோடு காத்திருந்தார். பாம்பனில் எங்கள் முக்குளிப்புப் படகுக்கு ஆள் தேவை என்றார்கள், அவர் பெயரை எழுதிக்கொடுத்திருந்தேன். தங்க ஒரு அறை தருகிறார்கள். சுவரில் ஆணி அடிக்கலாமா என்று முதலில் கேட்டு வைத்துக்கொண்டுதான் அவரிடம் சொன்னேன்.

சர்வேஷ் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தான். இருவரும் ஒரு காபிக் கடை முன்னால் நின்றோம். அவன் வாங்கிக்கொடுத்தான். நான் ஒரு வாய் குடித்தேன்.

"அன்னைக்கு நான் போட்ட காபி தீஞ்சுதான போயிருந்துச்சு? பாதிப் பால் அடுப்புல, மிச்சம் அடிப்புடிச்சு. நான் குடிச்சுப் பாக்கல. நீ நல்லா இருக்குன்னு சொன்ன" என்றான்.

"சொன்னேன்."

"நெஜமாவா?"

மன்றத்தில் ஒரு பொய்யைத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் சொன்னது இரண்டு.

"வாயில வைக்க முடியலடா" என்றேன். "ஆனா முழுசும் குடிச்சேன்."